உறை கட்டாயம் என்றால், எந்த உறை?

டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தில் தடை இல்லாதவராக இருந்தால், உரிமம் எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகலாம். 2021 செப்டம்பர் 1 முதல் இதுதான் நடைமுறை. அதற்கு முன்பு உரிமம் வேண்டியிருந்தது. உரிமம் வாங்க வகுப்பில் உட்கார வேண்டும், குறிபார்த்துச் சுட்டுக் காட்டவும் வேண்டும். இப்போது அதெல்லாம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். துப்பாக்கி பிறர் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால், அது உறைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2016இல் வெளிப்படையாக எடுத்துச்செல்ல முதலில் அனுமதித்தபோது, தோளில் மாட்டும் உறையா, இடுப்பு வாரில் கோக்கும் உறையா என்றாவது எழுதியிருந்தார்கள். 2021இல் அதையும் தளர்த்தி, உறை இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த உறை எப்படி இருக்க வேண்டும், எதை மூட வேண்டும், எதைத் தாங்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

ஆயுள் முழுக்கத் தோலோடு கிடந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

நான் வாணியம்பாடிக்காரன். அப்பா டேனரியில் மேஸ்திரி. சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஆம்பூரில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு சோபாத் தோல் விற்கும் ஒரு கம்பெனிக்காக டெக்சாஸ் வந்து சேர்ந்தேன். இப்போது ஓய்வு. வீட்டின் கார் ஷெட்டில் ஒரு மரமேசை, ஒரு பளிங்குக் கல், நாலைந்து கத்தி, குத்தூசி, தேன்மெழுகு. இதுதான் என் பட்டறை. இடுப்பு வார், பர்ஸ், நாய்ப்பட்டை என்று தைத்துக்கொண்டிருந்தவனைத் துப்பாக்கி உறைக்கு இழுத்தவன் என் அக்கா மகன். டல்லாஸ் பக்கம் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்துகிறான். ஒரு ராத்திரி கடையில் புகுந்து கல்லாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுவாரமே க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டான்.

"மாமா, நீங்கதான் தோல்காரராச்சே. எனக்கு ஒரு உறை தைச்சுக் குடுங்க."

"இப்ப எதுலடா வெச்சிருக்கே?"

வாரச்சந்தையில் வாங்கியதாம். கறுப்புத் தோல், ஓரத்தில் வெள்ளைத் தையல், முன்பக்கம் ஒரு நட்சத்திரம். "தொட்டுப் பாருங்க மாமா, எவ்ளோ மெத்துன்னு இருக்கு" என்றான். அந்த மெத்துதான் கோளாறு என்று அவனுக்குப் புரியவைக்க அன்று சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அது வேறு விவாதம். வாங்கியவனிடம் போய் அதைப் பேசிப் பயனில்லை. வாங்கியது இடுப்பில் இருக்கும்போது அவன் தொடையிலேயே வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

க்ளாக் மாதிரியான இன்றைய துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளிவிடும் பூட்டு கிடையாது. பாதுகாப்பு எல்லாம் உள்ளேயும் விசையிலேயும் இருக்கிறது. விசையின் முகத்தில் ஒரு சின்ன நாக்கு; அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை பின்னே போகும். அழுத்த வேண்டிய அளவு சுமார் இரண்டரை கிலோ. கீழே விழுந்தால் வெடிக்காது, பக்கவாட்டில் இடித்தால் வெடிக்காது. ஆனால் விசையின் முகத்தில் எது வந்து அழுத்தினாலும் அதற்கு விரல்தான். சட்டை நுனி, ஜாக்கெட்டின் கயிறு, மெத்தென்ற உறையின் வாயோரம், எதற்கும் பேதம் பார்க்காது. மென்தோல் உறை நாளடைவில் தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த விளிம்பு மடங்கி உள்ளே போகும். விசை வளையத்துக்குள் நுழைந்த மடிப்பின் மேல் உடம்பு பலத்தைப் போட்டு அமுக்கினால் குழல் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? சொந்தத் தொடையை. அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர்கள், வெளியே எடுக்கும்போது வேகம் காட்டினாலும் திரும்ப வைக்கும்போது நிதானம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே உறையின் முதல் வேலை விசையை முழுக்க மூடுவது. அப்புறம்தான் மற்றது. குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. கைப்பிடியை முழுதாகப் பற்ற இடம் இருக்க வேண்டும். துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். இந்த நாலையும் செய்யாத பொருளை அழகுக்கு மாட்டிக்கொள்ளலாம், துப்பாக்கிக்கு ஆகாது.

இங்கேதான் தோலின் ஜாதி முக்கியமாகிறது. (மனிதரில் பார்க்கக் கூடாததைத் தோலில் பார்த்தே ஆகவேண்டும்.) வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்து, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். அந்தத் தோலுக்கு வெளிநாட்டில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். பின்னாளில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1970களில் கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலை அனுப்பினால்தான் லாபம் என்றானதும் எல்லாரும் குரோமியம் உப்புக்கு மாறினார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. டேனரிக் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே இருக்கிறது.

குரோமியத் தோல் மென்மையானது, தண்ணீருக்கு அசையாது, சட்டைக்கும் ஷூ மேல்பாகத்துக்கும் அருமையானது. ஆனால் நனைத்து வடிவம் கொடுத்தால் காய்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும். அதோடு அதில் மிச்சமிருக்கும் உப்பு, நாள்பட இரும்பைத் துருப்பிடிக்க வைக்கலாம். பட்டையில் பதனிட்ட தோல் அப்படியல்ல. நனைத்துப் பிசைந்தால் எந்த வடிவத்தை வாங்குகிறதோ, காய்ந்தபின் அதே வடிவத்தில் கட்டியாக நிற்கும். துப்பாக்கி உறைக்கு அது ஒன்றுதான் தோல். செயின்ட் லூயிஸ் நகரில் 1881இல் தொடங்கிய ஹெர்மன் ஓக் நிறுவனம் இன்றும் பட்டை முறையில்தான் பதனிடுகிறது. உறை தைப்பவர்கள் தேடிப்போவது அந்த மாதிரித் தோலைத்தான்.

எங்கள் ஊர்த் தோலை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒரு துண்டு வரவழைத்தேன். மணம் அதேதான், நிறம் அதேதான். கனம் போதவில்லை. நம் நாட்டு மாடு சின்ன உடம்பு. அதன் தோல் செருப்பின் உட்தோலுக்கும் பைக்கும் சரி. உறைக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். அமெரிக்காவில் தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். ஏழிலிருந்து ஒன்பது அவுன்ஸ் தோல் என்பது உறை தைப்பவர்களின் வழக்கமான கணக்கு. இரண்டு மெல்லிய தோலைப் பசை போட்டு ஒட்டியும் செய்யலாம். வாயோரத்துக்கு நான் அப்படித்தான் இன்னொரு பட்டை வைத்து இறுக்குகிறேன்.

அமெரிக்காவில் தோல் வேலை ஒரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரும் பள்ளிக்கூட ஆசிரியரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தைக்கிறார்கள். போர்ட்வொர்த்தில் 1919இல் செருப்புத் தோல் கடையாகத் தொடங்கிய டேண்டி நிறுவனம்தான் இந்தப் பழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. கருவி, தோல், வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் ஒரே கடையில். உறை தைப்பதற்கென்றே அல் ஸ்டோல்மன் எழுதிய புத்தகம் தலைமுறைகளுக்குப் பாடநூல். எங்கள் ஊரில் தோலைத் தொட்டவனைத் திண்ணையில் உட்காரவிடாத காலத்தைப் பார்த்தவன் நான். டாக்டர் தன் கையால் தைத்த நாய்ப்பட்டையைப் பெருமையாகக் காட்டும்போது சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

சரி, வீட்டில் தைக்கலாமா? தாராளமாகத் தைக்கலாம். கடையில் தொங்கும் மலிவான உறையைவிட நிதானமாகத் தைத்தது நூறு மடங்கு மேல். நிதானம் எங்கே வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நிஜத் துப்பாக்கியை நான் மேசையில் ஏற்றுவதில்லை. துப்பாக்கியின் அளவும் வடிவமும் அப்படியே இருக்கும், நீல நிறத்தில் வார்த்த பிளாஸ்டிக் போலி கிடைக்கிறது. போலீஸ் பயிற்சிக்குச் செய்வது. எடையும் ஓரளவு இருக்கும், ஆனால் எந்தக் காலத்திலும் சுடாது. அட்டையில் அதை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, தையலுக்கு இடம் விட்டு, மாதிரி வெட்டிக்கொள்கிறேன். இந்த இடத்தில்தான் ஆளுக்கு ஆள் தவறுகிறார்கள். துப்பாக்கியின் பருமனைக் கணக்கில் எடுக்காமல் கோட்டை ஒட்டியே தைத்துவிட்டு, உள்ளே நுழையவில்லை என்று தோலை இழுத்து நீட்டுவார்கள். நீண்ட தோல் அப்புறம் நிற்காது.

தையல் குதிரைச் சேணத்துத் தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் எதிரும் புதிருமாக இரண்டும் கடக்க வேண்டும். மிஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளரும். இதில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். நம்மூர்த் தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர்கள் கொக்கி ஊசியால் ஒரே கையில் சரசரவென்று போடுவது வேறு வகை. வேகம் அதில்தான், பலம் இதில்தான். நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்து, அங்குலத்துக்கு ஆறேழு தையல் விழும்படி, குத்தூசியைச் சாய்க்காமல் பிடித்துக் குத்த வேண்டும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுக்கிறேன். குமிழி விடுவது நின்றால் எடுத்துவிடலாம். கொதிநீர் கூடாது, பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரியை நெருங்கினாலே அப்பளம் மாதிரிச் சுருண்டுவிடும். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய நீலத் துப்பாக்கியை உள்ளே செருகி, கொஞ்ச நேரம் தோலை அதன்பாட்டுக்கு விடவேண்டும். மேற்பரப்பு மினுமினுப்புப் போய் மங்கத் தொடங்கும்போது கை வைக்கலாம். முதலில் கட்டைவிரல், பிறகு வழவழப்பான எலும்புத் துண்டு. அமுக்கிய இடம் கருத்துக்கொண்டே வரும். மேல்பக்கத்தின் நீள விளிம்பு தெரியும், வெற்றுத் தோட்டாக்கூடு வெளியேறும் சதுரப் பள்ளம் தெரியும், பிறகு விசை வளையத்தின் கோடு தோலுக்குள்ளிருந்து எழுந்து வரும். ஆசை மிகுதியில் வளையத்தின் நடுவே ஆழமாக அமுக்கிவிடக் கூடாது. அமுக்கினால் தோல் உட்பக்கம் புடைத்து, தொடக் கூடாததைத் தேடிப் போகும். வளையத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு போதும். பிடிமானம் அந்தச் சதுரப் பள்ளத்திலும் தையலின் இறுக்கத்திலும் கிடைக்கும். காய வைக்க மின்விசிறிதான். ஐம்பது டிகிரிக்கு மிகாத சூட்டில் அடுப்பறை ஓவனில் வைப்பவர்களும் உண்டு. அதற்கு மேலே போனால் தோல் கட்டிப்படுவதற்குப் பதில் முறியும். முழுக்கக் காய்ந்தபின் எண்ணெய் லேசாக. எண்ணெய் அதிகமானால், பாடுபட்டுக் கொடுத்த விறைப்பை நாமே கெடுத்ததாகிவிடும்.

முடிந்த உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். வெறும் உறையின் வாயைப் பிடித்து நசுக்கிப் பார்ப்பேன். கடைசியில் பென்சிலின் மழுங்கிய முனையை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து எந்தப் பக்கமாகக் குத்தினாலும் விசையைத் தொட முடிகிறதா என்று பார்ப்பேன். தொட முடிந்தால் அந்த உறை கத்தரிக்கு.

அப்படியென்றால் சட்டத்தில் சொல்ல வேண்டியது என்ன, ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பார்கள். மாட்டார்கள். சினிமா விடாது. துப்பாக்கி உறை என்றதும் அமெரிக்கர் மனதில் வருவது கவ்பாய் இடுப்பில் தொங்குவதுதான். அந்தப் படங்களின் மின்னல் வேகத்துக்காக ஹாலிவுட்டில் ஆர்வோ ஓஹாலா தகடு வைத்து ஒரு தனி உறையே செய்தார். 1920களில் எல் பாசோ நகரில் டாம் த்ரீபர்சன்ஸ் என்ற காவல் அதிகாரிக்காக மயர்ஸ் சேணக்கடை தைத்த உறை இன்னொரு புகழ்பெற்ற வடிவம். தேவையற்ற தோலையெல்லாம் வெட்டியெறிந்து, விசை வளையம் அப்படியே வெளியே தெரியும். அழகான வேலை, மறுக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியது. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் முதலில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் விசைக்கு உயிர் வரும். இழுக்காதவரை விசையை நாள் முழுக்க அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. அதிலும் விவரம் தெரிந்தவர்கள் ஆறில் ஐந்து தோட்டாதான் போடுவார்கள், சுத்தியலுக்கு நேரே வெற்று அறை. அந்தத் துப்பாக்கிக்குத் தைத்த வடிவத்தை, விசையை இழுத்தாலே சுடும் இன்றைய துப்பாக்கிக்கு மாட்டுவதுதான் ஆபத்து. வீட்டில் தைப்பவர்கள் பழைய மாதிரிப் படத்தைப் பார்த்து வெட்டும்போது துப்பாக்கி மாறிவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

தோலே வேண்டாம், கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்செடுத்த உறை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தொய்யாது, வியர்வைக்கு அசையாது. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் அது தோலுக்குச் சளைத்ததல்ல, பல விதத்தில் மேல். நல்ல தோலும் நல்ல பிளாஸ்டிக்கும் இரண்டுமே என் பரீட்சையில் தேறும். தேறாதது, எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணிப்பையும் மெத்தென்ற கறுப்புத் தோலும்தான். சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒன்று.

தையல்காரனுக்கு உரிமம் வேண்டும், அரசு முத்திரை வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கார் ஷெட்டில் உட்கார்ந்து தைப்பவன் வயிற்றில் நானே ஏன் அடிக்கப் போகிறேன்? ஹெல்மெட் கட்டாயம் என்று சொன்ன நம் நாடு, தொப்பி மாதிரி எதையோ கவிழ்த்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றது. அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். 'விசையை முழுவதும் மூடும், துப்பாக்கி இல்லாதபோதும் வாய் மூடாத உறை' என்று ஒரே ஒரு வாக்கியம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் முறையாகக் கூடும். அடுத்த கூட்டத்துக்கு முன்பு எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதப் போகிறேன்.

இதைப் படிப்பவர்களில், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளை எச்-1பி விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். கிரீன் கார்டு வந்தபின்தான் நிலைமை வேறு. அடுத்தது, எவ்வளவு நல்ல உறையும் பூட்டு ஆகாது. பேரன் பேத்தி ஓடியாடும் வீட்டில் உறையோடு மேசை டிராயரில் போட்டுவைத்தால் போதாது, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி சிக்கினால் டெக்சாஸில் அது குற்றம். அக்கா மூன்று மாதம் வந்து தங்கியபோது, மகன் வீட்டில் முதலில் கேட்டது அந்தப் பெட்டியின் சாவி எங்கே என்றுதான். சொல்லிக்கொடுத்து அனுப்பியது நான்.

மருமகனுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டேன். விறைப்பாக இருக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பில் இடிக்கிறது என்று முதல் வாரம் முழுக்கப் போனில் புலம்பினான். பழகிக்கொள் என்றேன். அவன் சொல்லி வந்தவர் பக்கத்துத் தெருக்காரர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர், தங்கமான மனிதர். தாத்தா படத்தில் இருக்கும் உறையைக் காட்டி, விசை வெளியே தெரிகிற அதே வடிவத்தில் தன் புதுத் துப்பாக்கிக்கு வேண்டும் என்றார். கேட்ட விலை தருகிறேன் என்றார். முடியாது என்று சொல்லி, மூடிய உறை ஒன்றைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார். போன சனிக்கிழமை கடையில் பார்த்தேன். யாரிடமோ தைத்து வாங்கிவிட்டார். பூவேலைப்பாடு பிரமாதம், வளையம் முழுக்க வெளியே. வாசலில் நின்ற போலீஸ்காரர் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். சட்டப்படி அவரிடம் ஒரு குறையும் இல்லை.